நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: பார்க்கின்சன் நோயை வீட்டிலேயே கவனித்து அறிய ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு அப்பா பன்னிரண்டு வருஷம் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவராக இருந்தார். வைகாசிச் சடங்கு முடிந்த கையோடு வரவு செலவு முழுவதையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் தன் கைப்பட எழுதி வைப்பார். அவருக்குப் பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்ன பிறகு, ஒருநாள் அந்தக் கொப்பிகளை எடுத்து நிலத்தில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். முதல் கொப்பியில் தேங்காய், கற்பூரம், வாழைக்குலை என்று ஒவ்வொரு சொல்லும் கோட்டை நிறைத்து நிற்கிறது. கடைசி நாலு வருஷக் கொப்பிகளில் கதை வேறு. வரி பெரிய எழுத்தில் தொடங்குகிறது, வலப்பக்கம் போகப் போகச் சிறுக்கிறது, கடைசிச் சொல் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிகிறது. நோய் நாலு வருஷமாக எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடந்திருக்கிறது.

அந்த நாலு வருஷமும் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: "வயசு போகுதுதானே." அப்பாவும் அதையேதான் சொன்னார். "எனக்கு ஒண்டுமில்ல மனே, வயசு போனா இப்பிடித்தான்." அவருக்குக் கை நடுங்கவில்லை. நடுக்கம் இல்லாததால் எங்களில் ஒருவருக்கும் அந்த நோயின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. வலது தோள் இறுகிப்போனதற்கு ஒரு வருஷம் முழுக்க எண்ணெய் பூசி உருவினோம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வயதான தாய் தகப்பனோடு இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டில் கவனித்து நோயை முடிவுசெய்ய முடியாது, அது வைத்தியரின் வேலை. ஆனால் வைத்தியரிடம் எப்போது போவது, போய் என்ன சொல்வது என்பது வீட்டில்தான் முடிவாகிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக

நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஓர் அசைவு தடங்கலில்லாமல் தொடங்கவும், ஒரே அளவில் தொடரவும் டோபமின் வேண்டும். பார்க்கின்சன் நோயில் இந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கையிலோ காலிலோ மாற்றம் வெளியே தெரியும் நேரத்தில் ஏறத்தாழ பாதி ஏற்கெனவே போயிருக்கும். 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 100 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. பெண்களை விட ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். இளமையிலும் வரலாம்: குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984இல் இந்த நோய் கண்டறியப்பட்டபோது வயது 42.

நம் ஊரில் பெரியவர்கள் இதை நடுக்குவாதம் என்பார்கள். அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. நோய் தொடங்கும்போது 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு நடுக்கமே இருக்காது. எல்லாருக்கும் பொதுவானது மந்தம், அதாவது அசைவு மெதுவாவதும் சிறுத்துப்போவதும்.

1817இல் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விளக்கமாக எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது 6 பேரை மட்டும்தான். அவர்களில் சிலரைத் தெருவில் நடந்துபோகும்போது பார்த்தே எழுதினார். இருநூறு வருஷம் கழிந்தும் இதற்கென்று வழமையான இரத்தப் பரிசோதனை ஒன்று இல்லை. வைத்தியர் இப்போதும் பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்கிறார். அதனால் வீட்டில் இருப்பவரின் கண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு.

முதல் படி: பின்னோக்கிப் பாருங்கள்

அசைவில் மாற்றம் வருவதற்குப் பல வருஷம் முன்பே சில விஷயங்கள் தொடங்கிவிடும். கை காலோடு சம்பந்தமில்லாதவை என்பதால் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

முதலில் தூக்கத்தைக் கேளுங்கள். கேட்க வேண்டியது அவரை அல்ல, பக்கத்தில் படுப்பவரை. கனவு காணும்போது நம் உடல் அசையாமல் கிடக்கும்படி மூளை பார்த்துக்கொள்ளும். அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் கனவில் செய்வதைக் கையும் காலும் நிஜமாகவே செய்யும். அப்பா வட்டைக்குள் இறங்கிய யானையை விரட்டுவதாகக் கனவு கண்டு கத்துவார், கை ஓங்குவார். ஒருநாள் அம்மாவின் தோளில் பலமாக உதைத்துவிட்டார். அம்மா சத்தமில்லாமல் தன் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். இது நடந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, கிளினிக்கில் டொக்டர் நேராகக் கேட்டபோதுதான் அம்மா வாய் திறந்தார். "கனவு கண்டா ஆர்தான் கத்துறல்ல" என்று அதுவரை நினைத்திருந்தார். ஆனால் இப்படிக் கனவை நடித்துக்காட்டும் தூக்கம் உள்ளவர்களில் கணிசமான பங்கினருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சனோ அதற்கு நெருங்கிய நோய்களில் ஒன்றோ வருகிறது. முன் அறிகுறிகளில் இதைத்தான் நான் மிகவும் பாரமாக எடுப்பேன்.

அடுத்தது மணம். அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருக்கும்போது "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்கிறாரா? கண்ணை மூடச் சொல்லி, கோப்பித்தூள், கருவாடு, கசக்கிய கறிவேப்பிலை, தேசிக்காய்த் தோல் என்று ஒவ்வொன்றாக மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் மணக்கச் செய்வது நல்லது. தடிமன், பீனிசம், புகைப்பழக்கம், கொரோனா வந்துபோனது என்று மணம் போவதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. ஆகவே இதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

மலச்சிக்கல், காரணம் தெரியாத மனச்சோர்வு, புதிதாக வந்த பதற்றம், எழுந்து நின்றதும் தலை சுற்றுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். ஒன்று தனியாக இருந்தால் பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: தினசரி வேலையில் கவனியுங்கள், சொல்லாமல்

"நடந்து காட்டுங்க அப்பா" என்றால் எவரும் நிமிர்ந்து நன்றாக நடப்பார்கள். கவனிக்க வேண்டியது அவர் அறியாத நேரத்தில்.

இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். வலமா இடமா என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். கடைக்குப் போய்வரும்போது ஒரு கை வழமைபோல வீசுகிறதா, மற்றது உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ ஈர மணலில் அவரை முன்னால் நடக்கவிட்டுத் தடத்தைப் பாருங்கள். ஒரு காலின் தடம் தெளிவாகவும், மறு காலின் தடத்துக்கு முன்னால் இழுபட்ட கோடும் தெரிந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டில் செருப்பைப் புரட்டிப் பார்க்கலாம், ஒன்றின் முன்பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். திரும்பும்போது கழுத்தும் இடுப்பும் சேர்ந்து ஒரே கட்டையாகத் திரும்புவதும், இரண்டு எட்டில் திரும்பியவர் ஐந்தாறு சின்ன எட்டு வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

தொழில் செய்பவர்களிடம் இது இன்னும் சீக்கிரம் தெரியும், ஏனென்றால் கைக்கு ஒரு பழகிய வேகம் இருக்கிறது. வலை பொத்துகிறவர் ஊசியை இழுப்பதில் பிந்துவார். மருதமுனைத் தறியில் இருப்பவருக்கு மிதிக்கும் கால்களில் ஒன்று தாளம் தப்பும். பன்பாய் இழைக்கிற அம்மாவுக்கு விரல் பிந்தும், துருவலையில் தேங்காய் துருவ முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சேட்டுப் பொத்தான் போடுவது, சாரனை இடுப்பில் இறுக்கிச் செருகுவது, பாயில் உருண்டு பக்கம் மாறிப் படுப்பது, பிளாஸ்டிக் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது எல்லாம் பாருங்கள். அப்பா பிட்டைக் கறியோடு குழைத்து உருட்டுவதில் பிந்தினார். எல்லாரும் கை கழுவிவிட்டு வந்த பிறகும் அவர் தட்டில் பாதி இருக்கும். "பசி இல்ல" என்பார்.

அப்புறம் முகமும் குரலும். கண் சிமிட்டுவது குறைந்து, முகத்தில் அசைவு அற்று, கோபமாக இருப்பதுபோல் தெரியும். பேரப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாலும் முகம் அப்படியே இருக்கும். மனதுக்குள் அவர் சிரிக்கிறார், முகத் தசைதான் கூட வருவதில்லை. போனில் பேசும்போது "கேக்கல்ல, சத்தமாப் பேசுங்க" என்று மற்றவர்கள் அடிக்கடி சொல்லத் தொடங்கினால் குறித்துவையுங்கள். தன் குரல் தாழ்ந்தது அவருக்கே தெரியாது, மற்றவர்களுக்குத்தான் காது மந்தம் என்று நினைப்பார்.

தோள் இறுகுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடிபடாமல் ஒரு பக்கத் தோள் வலித்து இறுகினால் எல்லாரும் மூட்டு வருத்தம் என்றே எடுப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே பக்கத்துக் கை நடக்கும்போது வீசாமலும் இருந்தால், வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் தோளை மட்டும்தான் சொன்னோம். எங்களுக்கு ஒரு வருஷம் போன வழி அதுதான்.

மூன்றாம் படி: கொப்பி, விரல், கால்

இப்போது அவருக்குச் சொல்லிவிட்டே செய்யலாம். காலையில், களைப்பில்லாத நேரத்தில்.

கோடில்லாத ஒரு தாளைக் கொடுத்து, ஒரே வசனத்தை ஐந்து தரம் கீழே கீழே எழுதச் சொல்லுங்கள். எழுத்து அழகைப் பார்க்க வேண்டாம். வரியின் தொடக்கத்தையும் முடிவையும், முதல் வரியையும் ஐந்தாவது வரியையும் ஒப்பிடுங்கள். பிறகு நாலைந்து வருஷத்துக்கு முந்திய அவருடைய கையெழுத்து எங்காவது கிடக்கும்: வங்கிக் கொப்பி, கல்யாண மொய்க் கணக்கு, காணி உறுதியின் கையெழுத்து. அதைப் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் முடிந்தமட்டும் அகல விரித்து, முடிந்தமட்டும் வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். ஒரு கை முடித்து மறு கை, ஒவ்வொன்றும் 15 செக்கன். மூட்டுவாதம் பிடித்த விரலும் மெதுவாகத் தட்டும், ஆனால் கடைசிவரை அதே அகலத்தில் தட்டும். பார்க்கின்சனில் முதல் நாலைந்து தட்டு அகலமாக வந்து, போகப் போக விரல்களின் இடைவெளி குறைந்து, நடுவில் தடக்குப்பட்டு நிற்கும். அந்தத் தேய்வுதான் முக்கியம். கொப்பியில் வரி சிறுத்ததும் இங்கே விரல் சிறுத்ததும் ஒரே காரணத்தால்.

கதிரையில் இருந்தபடி குதிக்காலால் நிலத்தைத் தட்டச் சொல்லியும் இதே போலப் பார்க்கலாம். பின்னால் நின்று இழுத்து விழுகிறாரா என்று பார்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், இடுப்பெலும்பு உடைந்துவிடும்.

நான்காம் படி: நடுக்கம் இருந்தால், எப்போது என்று பாருங்கள்

பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வரும். மடியில் கையை வைத்து, 100இலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் கணக்கில் இருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் குளிசை உருட்டுவதுபோல, செக்கனுக்கு 4 முதல் 6 தரம் ஆடும். கையை நீட்டித் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்ததும் நடுக்கம் குறையும் அல்லது நிற்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

இதற்கு மாறாக, சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருந்து, கோப்பையைத் தூக்கியதும் இரண்டு கையும் நடுங்கித் தேத்தண்ணி சிந்தினால், அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். குடும்பத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்திருக்கும், பல வருஷமாக இருந்துவரும். தைரொயிட் கூடினாலும் கை நடுங்கும். இவற்றுக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் வைத்தியம் வேறு.

ஐந்தாம் படி: மருந்துப் பையைக் கொட்டுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். சில குளிசைகள் மூளையில் டோபமினின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் போலவே மந்தத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சினரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புளூனரிசின், மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் ஆகியவை அவற்றில் சில. எப்போதோ வந்த தலைச்சுற்றுக்கு எழுதிக்கொடுத்த துண்டை வைத்து, பாமசியில் மாதாமாதம் வாங்கிப் போடுகிறவர்கள் நம்மிடம் நிறைய. வைத்தியர் மருந்தை மாற்றினால் பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். நீங்களாக நிறுத்த வேண்டாம். முழுப் பையையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எப்போது அவசரம்

ஒரு கை, ஒரு கால், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்று திடீரென வந்தால் அது இந்த நோய் அல்ல, பாரிசவாதம். அந்த நிமிடமே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தொடக்கத்திலேயே அடிக்கடி விழுவது, சில மாதத்துக்குள் நடையும் நினைவும் சேர்ந்து கெடுவது, நடை கெட்டதோடு சிறுநீர் அறியாமல் போவது ஆகியவை வேறு நோய்களைக் காட்டலாம், தாமதிக்கக் கூடாது. 40 வயதுக்குக் குறைந்தவரிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடலில் செம்பு சேரும் வில்சன் நோயையும் வைத்தியர்கள் தேடுவார்கள். அதற்கு மருந்து இருக்கிறது, பிந்தினால்தான் ஆபத்து.

ஆறாம் படி: ஆஸ்பத்திரிக்கு எதைக் கொண்டுபோவது

ஓ.பி.டி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அங்கே போய் "அப்பாக்கு ஏலாமக் கிடக்கு" என்றால் விற்றமின் குளிசையோடு வீட்டுக்கு வருவோம். எங்களுக்கு நடந்தது அதுதான்.

ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பக்கம் தொடங்கியது, எப்போது, முதலில் எது மாறியது, தூக்கம், மணம், மலச்சிக்கல், போடும் குளிசைகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. போனில் மூன்று வீடியோ எடுங்கள்: வளவில் பத்து எட்டு நடந்து திரும்பி வருவது, விரல் தட்டுவது, மடியில் கை சும்மா இருப்பது. ஒவ்வொன்றும் 20 செக்கன் போதும். பழைய கையெழுத்தும் புதிய கையெழுத்தும் ஒரு பைலில்.

வயலில் கனகாலம் எண்ணெய் (பூச்சிமருந்து, களைகொல்லி) அடித்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். பரகுவாட் களைகொல்லியோடு கனகாலம் புழங்கியவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் உண்டு. இலங்கையில் அதை 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்தார்கள். அதற்கு முன்னர் முதுகில் தாங்கியைச் சுமந்து அடித்த தலைமுறைதான் இன்று 60ஐத் தாண்டி நிற்கிறது.

கழுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலையில் தொடங்கி, நரம்பியல் வைத்திய நிபுணருக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை ஆகியவை பெரிய இடங்கள், சிகிச்சை இலவசம். மூளையை ஸ்கேன் செய்யச் சொன்னால் அது பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது.

பெயர் தெரிந்த பிறகு

அப்பாவிடம் டொக்டர் பெயரைச் சொன்னபோது அவர் அழவில்லை. "அப்ப நான் சோம்பேறியில்ல" என்றார். நாலு வருஷமாக "ஏன் இவ்வளவு மெதுவா" என்று நாங்கள் கேட்டதெல்லாம் அவர் மனதில் இருந்திருக்கிறது. சீக்கிரம் கண்டறியுங்கள் என்று நான் மன்றாடுவதற்கு மருந்தைவிட அதுதான் பெரிய காரணம்.

மருந்து நோயை மாற்றாது, ஆனால் அசைவைத் திருப்பித் தரும். முக்கியமானது லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது அது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போட்டால் நன்றாக ஏறும். மீன், இறைச்சி, எருமைத் தயிர் போன்றவற்றோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு வேலை குறையும். இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்க்க வேண்டாம். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. ஆகவே நாட்டு வைத்தியம் எடுக்கிறவர்கள் இரண்டு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளவு கூடிவிடும். நோன்பு பிடிப்பவர்கள், சடங்குக்கு விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடையை விடக் கூடாது. தாளத்தோடு நடந்தால் எட்டு நீளும் என்பது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த விஷயம். அப்பா இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவர். ஒருநாள் தம்பி போனில் மத்தளச் சத்தம் ஒன்றைப் போட்டான். இழுத்து இழுத்து நடந்தவர் நிமிர்ந்து, காலைத் தூக்கி வைத்தார், வலது கையும் கொஞ்சம் வீசியது. அன்றிலிருந்து பொழுதுபடும் நேரத்தில் வளவைச் சுற்றி 20 நிமிடம் அப்படித்தான் நடக்கிறார். கணக்கும் இன்னும் எழுதுகிறார், அகலக் கோடு போட்ட கொப்பியில். கோடு இருந்தால் எழுத்து சிறுக்காமல் நிற்கிறது.